பழைய மாரோவிண்ட் உசத்தியா, புது ஸ்கைரிம் உசத்தியா?

2025 மே 10, கேள்வி

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டுத் தொடரில் ஸ்கைரிம் இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டேன். மாரோவிண்டுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவில் வந்த ஆப்லிவியனின் புதுப்பித்த பதிப்பு (ரீமாஸ்டர்) போன மாதம் வந்ததும் அதையும் பாதி முடித்துவிட்டேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேச்சு எங்கே எடுத்தாலும் பழைய ஆட்கள் நாலு பேர் வந்து, "மாரோவிண்ட் ஆடாதவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்கிறார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று நேற்று வாங்கினேன். முதல் ஊரை விட்டு வெளியே போய் ஒரு எலியை அடித்தேன். வாள் எலியின் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது, ஆனால் அடி விழவில்லை. பதினைந்து வீச்சுக்குப் பிறகு எலி என்னைக் கொன்றுவிட்டது. இதையா உசத்தி என்கிறீர்கள்? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

2025 மே 10, இரவு, பதில்

உசத்திதான். இதில் பேச என்ன இருக்கிறது.

முதலில் எலி விஷயத்தை முடித்துவிடலாம். திரையின் கீழே மூன்று பட்டைகள் இருக்கும்: சிவப்பு உயிர், நீலம் மந்திர சக்தி, பச்சை தெம்பு. நீங்கள் ஊரிலிருந்து எலி வரைக்கும் ஓடியே போயிருப்பீர்கள், ஸ்கைரிம் பழக்கம். மாரோவிண்டில் ஓடினாலே பச்சை இறங்கிவிடும். பச்சை காலியாக இருக்கும்போது வீசினால் பத்தில் ஒன்று பட்டாலே பெரிய விஷயம். திரையில் வாள் எலி மேல் படுகிறதா என்பது அங்கே கணக்கே இல்லை. உள்ளே பகடை உருள்கிறது, அந்தப் பகடையில் உங்கள் ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், தெம்பு எல்லாம் சேர்கிறது. கேரக்டர் உருவாக்கும்போது கோடாரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடையில் வாள் அழகாக இருக்கிறதே என்று அதைத் தூக்கியிருந்தால் எலி என்ன, நத்தை கூடக் கொன்றுவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எலிக்கு முன்னால் நடந்து போங்கள், பச்சை நிறையட்டும், அப்புறம் அடியுங்கள்.

இனி ஏன் உசத்தி என்பது. மாரோவிண்டில் மேப்பைத் தட்டிப் பறக்கிற ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. போகிற இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. உங்கள் லெவலுக்கு ஏற்ற மாதிரி எதிரிகள் வளர்வதும் கிடையாது. உலகம் தன் பாட்டுக்கு இருக்கும், நீங்கள்தான் அதற்கு ஏற்ற ஆளாக ஆக வேண்டும். ஆப்லிவியனில் ஊட்டிவிட ஆரம்பித்தார்கள், ஸ்கைரிமில் மென்றே கொடுத்துவிட்டார்கள். கணினிக்காரர்களுக்காகச் செய்த விளையாட்டைக் கன்சோல்காரர்களுக்காக மாற்றியதால் வந்த வினை இது.

2025 மே 11

ஒரு உதாரணம் சொல்கிறேன், புரியும். முதல் ஊரான செய்டா நீனிலேயே ஃபார்கோத் என்று ஒருவன் இருப்பான், மோதிரத்தைத் தொலைத்துவிட்டு அலைவான். மோதிரம் சுங்க அலுவலகத்து முற்றத்தில் ஒரு பீப்பாய்க்குள் கிடக்கும், எடுத்துக் கொடுத்தால் அவனுக்கு உங்களைப் பிடித்துவிடும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் கடையின் மாடியில் ஹிரிஸ்கார் என்று ஒருவன், அவன் வேறொன்று கேட்பான்: இந்த ஃபார்கோத் எங்கேயோ பணம் ஒளித்து வைத்திருக்கிறான், ராத்திரி கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று அவன் எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டு வா.

அவ்வளவுதான். நீங்கள் ஏறி நிற்க வேண்டும். இருட்டில் கீழே அந்தக் குட்டி உருவம் வீடு வீடாகப் பதுங்கிப் பதுங்கிப் போகும், கடைசியில் சேற்றுத் தண்ணீரில் இறங்கி ஒரு மரக்கட்டையின் அருகே குனியும். நான் முதல் தடவை பார்த்தபோது பொறுமை இல்லாமல் பாதியில் இறங்கி அவன் பின்னாலேயே போய்க் காரியத்தைக் கெடுத்தேன். இரண்டாம் ராத்திரி உச்சியிலேயே நின்றேன். மரக்கட்டைக்குள் கிடந்தது சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறையை என் கண்ணால் கண்டுபிடித்தேன், எந்த அம்புக்குறியும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. இதே வேலையை ஸ்கைரிமில் கொடுத்திருந்தால் கட்டையின் தலைக்கு மேல் ஒரு வெள்ளை முக்கோணம் தொங்கியிருக்கும்.

2025 மே 11, கொஞ்ச நேரம் கழித்து

ஃபாஸ்ட் டிராவல் இல்லை என்று நேற்று எழுதியது தப்பு. எழுதும்போதே உறுத்தியது, உசத்தி பேசுகிற சூட்டில் விட்டுவிட்டேன். சில்ட் ஸ்ட்ரைடர் என்று நெட்டைக் காலுள்ள ராட்சதப் பூச்சி இருக்கிறது, அதன் ஓட்டுக்குள் உட்கார்ந்து ஊர் விட்டு ஊர் போகலாம். படகு இருக்கிறது. மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்தால் இன்னொரு ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புவார்கள். இன்டர்வென்ஷன் மந்திரம் போட்டால் பக்கத்துக் கோயிலிலோ ஏகாதிபத்தியக் கோட்டை ஆலயத்திலோ போய் விழலாம். மார்க், ரீகால் இரண்டும் தெரிந்தால் நினைத்த இடத்தில் குறி வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். ஆக வேகமாகப் போக வழி நிறைய உண்டு. ஆனால் பேருந்துத் தடம் மாதிரி அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்: இந்த ஊருக்கு நேராகப் பூச்சி கிடையாது, அங்கே இறங்கிப் படகு மாறு. இருபது வருஷம் கழித்தும் எனக்கு அந்தத் தடம் மனப்பாடம். ஸ்கைரிமில் எந்த ஊர் எதற்குக் கிழக்கே என்று கேட்டால் விழிப்பேன்.

(ஸ்கைரிமில் ஊர் வாசல்களில் குதிரை வண்டி உண்டு, தெரியும். மேப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும் எனும்போது வண்டியில் எவன் ஏறுவான். சிலர் ஏறுகிறார்கள். நான் ஏறவில்லை.)

2025 மே 14

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் மாரோவிண்ட், அப்புறம் ஒரு மணி நேரம் ஸ்கைரிம். மாரோவிண்டை ஓபன்எம்டபிள்யூவில் போட்டிருக்கிறேன். அதே ஆட்டம்தான், மூல வட்டில் உள்ள கோப்புகளையேதான் எடுத்துக்கொள்ளும், இயந்திரத்தை மட்டும் ஆர்வலர்கள் புதிதாக எழுதியிருக்கிறார்கள். வேகம், ஏற்றும் நேரம் எல்லாம் பிரமாதம். தொலைவில் உள்ளதையும் காட்டச் சொல்லலாம். சொன்னேன். அங்கேதான் வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது.

பெலாகியாட் தாண்டி ஒரு மேட்டில் ஏறி நின்றால் அதோ விவெக் நகரம். அந்த மாபெரும் கல் அடுக்குகள், 2004இல் நான் மூடுபனிக்குள் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்த நகரம், கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. இந்தப் பக்கம் பார்த்தால் ஏற்கெனவே தாண்டி வந்த ஊர். ஆட்டம் நடக்கும் தீவு இவ்வளவுதானா? அந்தக் காலத்துக் கணினிகளுக்குத் தொலைவை வரைய முடியவில்லை, பனியைப் போட்டு மூடினார்கள். கூடவே நம் ஆள் ஆரம்பத்தில் நத்தை வேகத்தில் நடப்பான். பனியும் நத்தை வேகமும் சேர்ந்து அந்தத் தீவை எனக்கு ஒரு கண்டமாக்கி வைத்திருந்தன. பனியை எடுத்ததும் கொல்லைப்புறம் மாதிரி ஆகிவிட்டது.

தொலைவை மறுபடி குறைத்து வைத்துவிட்டேன். ஏமாறுவது என்றால் ஒழுங்காக ஏமாறுவோம்.

2025 மே 15

நடப்பது பற்றிச் சொன்னதும் நினைவு வந்தது. கால்டேரா பக்கத்துச் சாலையில் பெமனி என்று ஒருத்தி நிற்பாள், அவளை நார் மோக் வரைக்கும் கொண்டுபோய் விட்டால் ஒரு ஜோடி பூட்ஸ் தருவாள். போட்டால் வேகம் 200 கூடும். கூடவே கண் முழுக்கத் தெரியாமல் போகும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, அதை அப்படியே ஒரு பொருளாகச் செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பூட்ஸை மாட்டும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் மந்திரத்தை முழுவதும் தடுக்கிற மாதிரி நீங்களே ஒரு மந்திரம் செய்து போட்டுக்கொண்டால் குருட்டுத்தனம் ஒட்டாது, வேகம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இதை அந்த ஆட்டம் தடுக்கவில்லை. புதிய ஆட்டம் என்றால் அடுத்த பேட்சிலேயே அடைத்திருப்பார்கள்.

2025 மே 17

எதிரிகள் உங்கள் லெவலுக்கு வளர்வதில்லை என்று எழுதினேன். அதுவும் பாதிதான் சரி. மாரோவிண்டிலும் காட்டு மிருகங்கள், பேய் பிசாசுகள், பெட்டிகளில் கிடைப்பது என்று நிறைய உங்கள் லெவலைப் பார்த்தே வரும். ஆனால் மனிதர்களும் முக்கியப் பொருட்களும் பெரும்பாலும் கையால் வைத்தவை. கோஸ்ட்கேட் என்ற கோட்டையில் கண்ணாடிக் கவசத் துண்டுகள் முதல் நாளிலிருந்தே கிடக்கின்றன. அங்கே உயிரோடு போய்ச் சேர்ந்து திருடும் துணிச்சல் இருந்தால் லெவல் 1லேயே உங்களுடையவை.

இதில் நிஜக் குற்றவாளி ஸ்கைரிம் இல்லை, ஆப்லிவியன். 2006இல் அது வந்தபோது ராத்திரி பகலாக ஆடினேன். அந்தச் சிறைச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து ஏரியையும் எதிரே இடிபாட்டையும் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் லெவல் 20ஐத் தாண்டியதும் கூத்து ஆரம்பம். சாலையில் ஒரு வழிப்பறிக்காரன் மறித்து 100 காசு கேட்பான். உடம்பில் அவன் மாட்டியிருக்கும் கண்ணாடிக் கவசத்தை விற்றால் ஒரு வீடு வாங்கலாம். டேய், நீ எதற்குடா வழிப்பறிக்கு வந்தாய்?

அதைவிடக் கொடுமை லெவல் ஏற்றும் முறை. ஒவ்வொரு லெவலிலும் மூன்று பண்புகளுக்கு ஐந்தைந்து புள்ளி வேண்டும் என்றால் அதற்குரிய திறன்களைப் பத்துப் பத்துத் தடவை ஏற்றியிருக்க வேண்டும். மாரோவிண்டிலும் அதே கணக்குதான், ஆனால் அங்கே கணக்குப் பார்க்காமல் வளர்ந்தாலும் உலகம் மன்னித்துவிடும். ஆப்லிவியன் மன்னிக்காது, நீங்கள் பேச்சிலும் குதிப்பிலும் லெவல் ஏறியிருந்தால்கூட எதிரி சண்டையில் ஏறிவிட்டிருப்பான். நான் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு ஆடினேன். இன்று பாதுகாப்புத் திறன் ஏழு ஆயிற்று, இன்னும் மூன்று வேண்டும், அதுவரைக்கும் தூங்கக் கூடாது (தூங்கினால்தான் லெவல் ஏறும்). ஒரு கட்டத்தில் நண்டு ஒன்றை ஓரமாக நிறுத்தி அது என் கேடயத்தைக் கொத்திக்கொண்டிருக்க, நான் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நண்டும் நானும் அப்படியே இருந்தோம். இதற்குப் பெயர் விளையாட்டாம்.

ரீமாஸ்டரில் இந்தக் கணக்கை எடுத்துவிட்டு லெவலுக்கு 12 புள்ளி கையில் கொடுத்து வேண்டிய பண்புகளில் போட்டுக்கொள் என்கிறார்கள். தாளும் பேனாவும் தேவையில்லை. வழிப்பறிக்காரன் மட்டும் அப்படியே இருக்கிறான்.

2025 மே 18

திறன்களின் எண்ணிக்கை: மாரோவிண்ட் 27, ஆப்லிவியன் 21, ஸ்கைரிம் 18. இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். ஈட்டி மாரோவிண்டோடு போனது எனக்கு இன்றும் வருத்தம். ஆனால் ஆப்லிவியனில் கோடாரியை மழுங்கல் ஆயுதங்களோடு சேர்த்தார்கள் பாருங்கள், அதை யார் எந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

2025 மே 21

ஒரு வாரமாக ஸ்கைரிமில் அம்புக்குறி இல்லாமல் ஆடுகிறேன். குவெஸ்ட் (செய்ய வேண்டிய வேலைகள்) பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் போதும், குறி மறைந்துவிடும். "பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆடு, யார் தடுத்தது" என்று புதிய ஆட்கள் சொல்வார்களே, அதைச் சோதிக்கத்தான்.

ஆரம்பம் அசத்தல். ஆட்டம் தொடங்கும் ஊரான ஹெல்கனிலிருந்து தப்பி மலை இறங்கும்போதே கூட வருகிறவர் எதிர் மலையில் தெரியும் இடிபாட்டைக் கை நீட்டிக் காட்டுகிறார்: அதுதான் பிளீக் ஃபால்ஸ் பேரோ. ரிவர்வுட் கடைக்காரரின் பொன் நகம் திருடு போயிருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டதும் அவர் தங்கை கமில்லா நம்மோடு ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் நடந்து வந்து, மலைப்பாதை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். முன்பு நூறு தடவை ஆடியும் அவள் சொல்வதை நான் காதில் வாங்கியதே இல்லை, குறியைப் பார்த்து ஓடியிருக்கிறேன். உள்ளே போனால் அந்தச் சுழலும் வளையக் கதவு. விடை நகத்தின் உள்ளங்கையில் செதுக்கியிருக்கிறது, கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றினால்தான் கிடைக்கும். இதை மாரோவிண்ட் ஆட்களே செய்தது மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் முதல் இரண்டு மணி நேரம். அப்புறம் வைட்ரன் சத்திரத்தில் கொள்ளைக்காரர்களைப் பற்றி விசாரித்தேன். சத்திரக்காரி கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். இன்ன முகாமில் இருக்கும் கொள்ளைத் தலைவனைக் கொல்லவும், ஜார்ல் (அந்தப் பகுதியின் ஆட்சியாளர்) வெகுமதி தருவார். முகாமின் பெயர் இருக்கிறது. எங்கே என்று இல்லை. சத்திரக்காரியைத் திரும்பக் கேட்டால் அந்தப் பேச்சே பட்டியலில் இல்லை. வாசலில் நிற்கும் காவலாளி தன் பழைய முழங்கால் காயத்தைப் பற்றிப் பேசுகிறான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே எனக்கு வாய் இருக்கிறது, பதில் சொல்ல எதிராளிக்குத்தான் வாய் இல்லை. நாற்பது நிமிஷம் சுற்றிவிட்டு இணையத்தில் மேப்பைத் தேடினேன்.

அப்போதுதான் இத்தனை வருஷமாக நான் தப்பான இடத்தில் சண்டை போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அம்புக்குறி இருப்பது எனக்குக் குறையே இல்லை. அது இருக்கிறதே என்று நம்பி, வழி சொல்கிற வாக்கியங்களை எழுதாமல் விட்டுவிட்டார்கள், அதுதான் குறை. குறியை அணைக்கலாம். எழுதாததை எப்படி இயக்குவது? (மோட் என்று ரசிகர்களே ஆட்டத்தில் மாற்றம் செய்து போட்டவர்கள் உண்டு, குவெஸ்ட் குறிப்புகளில் வழியைச் சேர்த்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்க வேண்டும்.)

அதிலும் வேடிக்கை, ஸ்கைரிமில் கிளேர்வாயன்ஸ் என்று ஒரு மந்திரம் இருக்கிறது. போட்டால் தரையில் ஒளி ஓடிப் போக வேண்டிய பாதையைக் காட்டும். ஆள் வழி சொல்ல மாட்டான், மந்திரம் சொல்லும்.

2025 மே 22

நேற்று எழுதியதில் நியாயம் குறைவு. தூக்கத்தில் வேறொன்று தோன்றியது. மாரோவிண்டில் ஆட்கள் அவ்வளவு அருமையாக வழி சொல்கிறார்களே, ஏன் முடிந்தது? ஏனென்றால் அங்கே எவனும் நகர்வதில்லை! தையற்காரி ராத்திரி இரண்டு மணிக்கும் அதே மேசைக்குப் பின்னால் நிற்பாள். இன்ன சத்திரத்தில் மாடியில் இருப்பான் என்றால் உலகம் அழியும் வரைக்கும் அவன் மாடியில்தான். ஆப்லிவியனில்தான் ஆட்களுக்குத் தினசரி வேலை வந்தது. எழுவார்கள், சாப்பிடுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், சிலர் வேற்றூருக்கே நடந்து போவார்கள். நடமாடும் ஆளை எங்கே என்று எழுதி வைப்பது? கூடவே எல்லா வசனத்துக்கும் குரல் வந்தது. மாரோவிண்டில் பெரும்பாலும் எழுத்துதான், ஒரு பத்தி வழி சொல்வதற்கு எழுதுகிறவரின் கை வலிக்கும், அவ்வளவே. குரல் என்றால் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், வட்டில் இடம் வேண்டும், கடைசியில் ஒரு குகையை இடம் மாற்றினால் திரும்பப் பேச வைக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் அம்புக்குறி சோம்பலால் வந்தது என்று இனிச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கன்சோல்காரர்களால் வந்த வினை என்று முதல் நாள் எழுதியதை அடித்துவிடுங்கள். மாரோவிண்டே 2002இல் எக்ஸ்பாக்ஸிலும் வந்ததுதான். கன்சோல் பிள்ளைகளும் அம்புக்குறி இல்லாமல்தான் அதை ஆடினார்கள்.

2025 மே 24

சங்கங்களைப் பற்றி மட்டும் சமாதானம் ஆகவில்லை. மாரோவிண்ட் மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர வேண்டும் என்றால் திறன் இவ்வளவு வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், போய்ப் படித்துவிட்டு வா. டெல்வானி என்ற மந்திரவாதிக் குலத்தாரின் கோபுரங்களில் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவனுக்கு மேலே என்ன வேலை என்பதுதான் அவர்கள் எண்ணம். ஸ்கைரிமில் வின்டர்ஹோல்ட் கல்லூரி வாசலில் ஒரு மந்திரம் போட்டுக் காட்டச் சொல்வார்கள், தெரியாது என்றால் அவர்களே விற்பார்கள். அப்புறம் வாளையே சுழற்றிக்கொண்டு போய் தலைமை மந்திரவாதி ஆகலாம். என் ஆள் ஆனான். அவனுக்கு நெருப்பு பற்ற வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

(பறக்கிற மந்திரமும் ஆப்லிவியனோடு போயிற்று. நகரங்களைத் தனித் தனித் துண்டாக்கிக் கதவு வழியாக ஏற்றினார்கள், மதிலுக்கு மேலே பறந்தால் உள்ளே ஊரே இருக்காது. ஆனால் மாரோவிண்டின் முதல் கூடுதல் பாகமான டிரைபூனலில் மோர்ன்ஹோல்ட் நகரிலேயே பறக்கத் தடை வந்துவிட்டது, அதுவும் 2002. ஆக ஆரம்பித்து வைத்தது பழைய ஆட்களே.)

2025 மே 25

மாரோவிண்டைப் பழசு என்கிறோமே, உண்மையில் பழசு எது? 1994இல் அரீனா, 1996இல் டாகர்ஃபால். டாகர்ஃபால் இப்போது இலவசம், ஆர்வலர்கள் புதிதாக எழுதிய டாகர்ஃபால் யூனிட்டி என்ற இயந்திரத்தில் போட்டால் இன்றைய கணினியில் ஓடுகிறது. இரண்டு ராத்திரி ஆடினேன். என் வாதத்தின் மிச்சமும் அங்கே போயிற்று.

மேப்பைத் தட்டினால் ஃபாஸ்ட் டிராவல், அது 1996இலேயே இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும், உலகம் அவ்வளவு பெரிது; நாள்கணக்கில் நடந்தாலும் மரமும் புல்லும்தான், நடுவில் ஒன்றுமில்லை. எதிரிகள் லெவலுக்கு ஏற்ப வருவது? இருக்கிறது. ஸ்கைரிமின் முடிவே இல்லாத கூலி வேலைகள்? அதற்கு அப்பன் இங்கே இருக்கிறான், அதுவும் கெடு நாளோடு; பிந்தினால் வேலை போச்சு. அப்படிப் பார்த்தால் ஆப்லிவியனும் ஸ்கைரிமும் குடும்ப வழக்கத்துக்குத் திரும்பியிருக்கின்றன, நடுவில் தனியே முறைத்துக்கொண்டு நின்றது மாரோவிண்ட் ஒன்றுதான். பழசு, புதுசு என்ற கோடே இங்கே சரியாக விழவில்லை.

ஆனால் ஒன்று. டாகர்ஃபாலில் தெருவில் போகிற எவரையும் நிறுத்திக் கேட்கலாம்: இன்ன கடை எங்கே, இன்ன ஆள் எங்கே? சிலர் வடக்கே என்பார்கள், சிலர் மேப்பிலேயே குறித்துக் கொடுப்பார்கள், சிலர் போடா என்பார்கள். கோரமான முகங்கள், அரைத்த மாவையே அரைக்கும் வாக்கியங்கள், இருந்தாலும் கேட்டால் பதில் வருகிறது. ஒரு ஊரில் நாலு பேரைக் கேட்டு ஒரு கொல்லனைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஃபார்கோத் ராத்திரி நினைவு வந்தது.

முதல் குகையில் ஒரு இம்ப் (குட்டிப் பிசாசு) வரும், இரும்பு ஆயுதம் அதன் மேல் ஏறாது, எஃகாவது வேண்டும். அதை எவரும் சொல்லவில்லை. நான் செத்தேன். எலிக்குச் செத்தவரே, மன்னிக்கவும்.

2025 மே 26, கேட்டவர்

அண்ணா, நடந்து போய் அடித்தேன், எலி செத்தது. பால்மோரா வந்து சேர்ந்து, சத்திரத்தில் விசாரித்து, ஆரம்பத்திலேயே போய்ப் பார்க்கச் சொன்ன அந்தச் சட்டை போடாத கிழவரையும் கண்டுபிடித்துவிட்டேன். உளவுப்படைத் தலைவர் இப்படியா இருப்பார்? அவர் ஹஸ்ஃபாட் என்பவரிடம் அனுப்ப, அவர் ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு புதிர்ப் பெட்டி எடுத்து வரச் சொல்கிறார். இரண்டு நாளாகப் போகிறேன், கதவே திறக்கவில்லை. ஜர்னலில் (ஆட்டத்தின் நாட்குறிப்பில்) தேடினால் எல்லாம் தேதி வரிசையில் ஒரே குவியல். இணையத்தில் பார்க்க மனசில்லை, உங்கள் வாயாலேயே வழி சொல்லுங்கள்.

2025 மே 26, இரவு

அடேயப்பா, தம்பி! இதைவிட எனக்கு என்ன வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

பால்மோராவின் தெற்கு வாசலில் வெளியேறி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே சாலையைப் பிடியுங்கள். மூன்மாத் கோட்டை வரும், அதற்குள் போக வேண்டாம், தாண்டி நடங்கள். முன்னே எரிமலைக் குழம்பு ஓடிய பெரும் பள்ளமும், அதன் மேல் ட்வெமர்கள் (மறைந்துபோன ஒரு பழைய இனத்தார்) கட்டிய பழைய பாலமும் தெரியும். பாலத்துக்கு முன்பே நில்லுங்கள். பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கைப்பிடி இருக்கும், அதைத் திருப்பினால் கதவு திறக்கும். பெட்டி செங்கல் அளவுதான், ஒரு அலமாரியில் இருக்கிறது. எந்த அலமாரி என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு சாயங்காலம் தேடினேன், நீங்களும் ஒன்றாவது தேடுங்கள். ஜர்னல் குவியலுக்கு மருந்து, டிரைபூனலைச் சேர்த்தால் குவெஸ்ட் வாரியாகப் பிரித்துக் காட்டும்.

2025 மே 27, கேட்டவர்

பாலத்துக்கு முன்னால் எல்லாப் பாறையையும் தடவிவிட்டேன் அண்ணா. குழாய் இல்லை. கொள்ளைக்காரன் ஒருவனும் பறக்கிற பிசாசுப் பறவைகள் மூன்றும்தான் கிடைத்தன. ஹஸ்ஃபாட் சொன்னதைத் திரும்பப் படித்தேன். அவர் பாலத்தைக் கடக்கச் சொல்கிறார்.

2025 மே 27, பத்து நிமிஷம் கழித்து

இப்போதுதான் நான் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை ஏற்றி நடந்து பார்த்தேன். பாலத்தைக் கடந்த பிறகு. அந்தப் பக்கம்தான் குழாயும் கைப்பிடியும். ஹஸ்ஃபாட் சொன்னதே சரி, அவரையே கேளுங்கள்.